கடலுக்குப் போகுமுன் வலி மாத்திரை: எதை, எவ்வளவு, எப்போது கூடாது

வலை இழுத்த தோள், பாறை இடுக்கில் குனிந்து பாசி பறித்த முதுகு, வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரிய இடுப்பு. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த மருந்துக்கடையில் நின்றாலும் இந்த மூன்றுக்கும் ஒரே பேச்சுதான்: "உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க." கடைக்காரர் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். வலி நிற்கும். நிற்பதால்தான் மறுநாளும் கேட்கிறோம்.

மாத்திரையின் அளவுகள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கிற ஆளுக்குப் போட்ட கணக்கு. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் பத்து மணி நேரம் வியர்த்து, காலையில் டீயும் பன்னும் மட்டுமே கண்ட உடம்பில் அதே மாத்திரை வேறு மாதிரி நடந்துகொள்ளும். அந்த வித்தியாசம் எங்கே விழுகிறது என்று தெரிந்தால், எதைப் போடலாம், எதைப் போட்டால் ஆபத்து என்பது தானே விளங்கும்.

விழுங்கிய பிறகு

வலி எந்த இடத்தில் என்பது மாத்திரைக்குத் தெரியாது. அது கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் ஈரலுக்குப் போகிறது. அங்கே ஒரு பங்கு சிதைந்துபோகும். மிச்சம் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். தோளுக்குப் போகிற அதே ரத்தம்தான் இரைப்பைச் சுவருக்கும் போகிறது, சிறுநீரகத்துக்கும் போகிறது. வேலை முடிந்த மருந்தை ஈரல் உடைக்கும், சிறுநீரகம் வெளியே தள்ளும்.

"ஊசி போட்டுக்கிட்டா வயிறு புண்ணாகாது" என்ற நம்பிக்கை தப்பு என்பது இதிலிருந்தே தெரியும். வலி ஊசி ஈரலின் முதல் வடிகட்டலைத் தாண்டிக்கொண்டு சீக்கிரம் ரத்தத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். இரைப்பைப் புண் வருவதற்கு முக்கியக் காரணம் மாத்திரை வயிற்றில் உரசுவது என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தில் இருக்கும் மருந்து, இரைப்பையின் உள்தோலைக் காக்கும் கோழைப்படலத்தை மெலியச் செய்கிறது. ஊசியானாலும் மாத்திரையானாலும் அது நடக்கும். நெஞ்செரிச்சல் வந்தால் முண்டு மிளகாய்க் குழம்பைத்தான் முதலில் திட்டுகிறோம். பல நேரம் குற்றவாளி சட்டைப் பையில் இருக்கும் மாத்திரை.

இன்னொன்று, நேரம். டைக்ளோஃபெனாக் 50 என்ற வலி மாத்திரைகள் பலவற்றுக்கு மேலே ஒரு பூச்சு இருக்கும். இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைவதற்கான பூச்சு அது. வெறும் வயிற்றிலேயே முழு வேகம் எடுக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். சாப்பிட்ட பிறகு என்றால் இன்னும் தாமதம். இது தெரியாமல், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு "இது கேக்கல" என்று இரண்டாவதைப் போடுகிறார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து இறங்கும். சீக்கிரம் கேட்கட்டும் என்று அதை உடைத்தோ மென்றோ விழுங்குபவர்களும் உண்டு. பூச்சு போட்ட மாத்திரையை உடைத்தால் பூச்சுக்கு அர்த்தமே இல்லை.

இரண்டு சாதி வலி மாத்திரை

கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகளைப் பெயரால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

ஒன்று பாராசிட்டமால். 500, 650 மில்லிகிராமில் வரும். காய்ச்சலையும் வலியையும் குறைக்கும், வீக்கத்தை அவ்வளவாகக் குறைக்காது. இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அதன் ஆபத்து ஈரலில். உடையும்போது ஒரு சிறு பங்கு நச்சுப்பொருளாக மாறும். ஈரல் தன்னிடமுள்ள குளுட்டாதயோன் என்ற பொருளைக் கொண்டு அதை முடக்கிவிடும். அளவு மீறினால் அந்த இருப்பு தீர்ந்து, நச்சு ஈரலையே தின்னத் தொடங்கும். தினமும் குடிப்பவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் இருப்பு ஏற்கனவே குறைவு.

இரண்டாவது வீக்கம் வாட்டும் மாத்திரைகள்: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், நிமிசுலைடு, எட்டோரிகாக்சிப், மெஃபனமிக் அமிலம். அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் சுரப்பதை இவை தடுக்கும். வில்லங்கம் என்னவென்றால் இரைப்பையின் கோழைப்படலத்தை வளர்ப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் வரும் குழாயைத் திறந்து வைப்பதும் இதே குடும்பப் பொருள்தான். தோளில் மட்டும் தடு, மற்ற இடத்தில் விட்டுவிடு என்று மாத்திரையிடம் சொல்ல முடியாது. (எட்டோரிகாக்சிப் வயிற்றுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டும், சிறுநீரகத்துக்குக் காட்டாது.)

பெரியவர்களுக்கான உச்ச அளவுகள்: பாராசிட்டமால் ஒரு நாளுக்கு 4 கிராம், அதாவது 4000 மில்லிகிராம், 3 கிராமோடு நிறுத்துவது நல்லது. தினமும் குடிப்பவர் 2 கிராமைத் தாண்டக் கூடாது. ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 4 மணி நேரம், 6 என்றால் நிம்மதி. டைக்ளோஃபெனாக் ஒரு நாளுக்கு 150 மில்லிகிராம். அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், இரண்டு வேளை. ஐபுபுரூஃபெனை மருத்துவர் சொல்லாமல் 1200 மில்லிகிராமுக்கு மேல் போடக் கூடாது. இரண்டாவது சாதியில் எந்த இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. வலி இரட்டிப்பாகக் குறையாது, புண்தான் இரட்டிப்பாகும்.

கணக்குத் தப்புவது கூட்டு மாத்திரையில். "அசிக்ளோ" என்று கேட்டு வாங்குவதில் பெரும்பாலும் அசிக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325 இரண்டும் இருக்கும். அதில் இரண்டு போட்டால் பாராசிட்டமால் 650. காய்ச்சலும் அடிக்கிறது என்று 650 மாத்திரை மூன்று: 1950. சளிக்கு வாங்கிய மாத்திரையிலும் 500 பாராசிட்டமால் இருந்து அதை மூன்று வேளை போட்டால் 1500. கூட்டினால் 4100. மூன்றும் வெவ்வேறு நிற அட்டை என்பதால் போட்டவருக்கு சந்தேகமே வராது. பாராசிட்டமால் மிஞ்சியதை உடம்பு உடனே காட்டுவதும் இல்லை. முதல் நாள் குமட்டல் மட்டும் இருக்கும், சில நேரம் அதுவும் இராது. ஈரல் கெட்டது வெளியே தெரிய ஒன்று, இரண்டு நாள் ஆகும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு. போட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அதன் பலன் முழுமையாக இருக்கும். ஆகவே தவறுதலாக அதிகம் போட்டுவிட்டால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்.

கண்மாய்க் கணக்கு

சிறுநீரகத்தைப் புரிந்துகொள்ள ராமநாதபுரத்துக்காரருக்குப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டாம். கண்மாயை நினைத்தால் போதும். வரத்துக்காலில் தண்ணீர் வருகிறது. மிஞ்சியது கலுங்கு வழியாக வெளியேறுகிறது. கண்மாயில் நீர்மட்டம் நின்றால்தான் மடையில் பாய்ச்சல் இருக்கும். சிறுநீரகத்தின் ஒவ்வொரு நுண்வடிகட்டியிலும் இதே அமைப்பு: ரத்தம் வரும் குழாய், போகும் குழாய், இடையில் நிற்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில்தான் கழிவு வடிந்து சிறுநீராகிறது.

வியர்வையில் உடம்பு வற்றும்போது மழை பொய்த்த கதை. ரத்தத்தின் அளவே குறைகிறது. உடம்பு சும்மா இருக்காது. புரோஸ்டாகிளான்டினைச் சுரந்து வரத்துக்காலை அகலப்படுத்தும். ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு பொருளால் கலுங்கை உயர்த்திக் கட்டும். மட்டம் எப்படியோ நின்றுவிடும்.

இந்த நேரத்தில் வீக்க மாத்திரை போட்டால் வரத்துக்கால் சுருங்குகிறது. அதே ஆள் பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரில் இவற்றில் ஒன்றைச் சாப்பிடுபவராக இருந்தால் கலுங்கு தாழ்கிறது. (அது அந்த மருந்தின் குறை என்று எண்ண வேண்டாம், சாதாரண நாளில் சிறுநீரகத்தைக் காப்பதே அந்தத் தாழ்வுதான்.) கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்தும் இருந்தால் இருக்கிற தண்ணீரும் வடிந்துவிடும். மூன்றும் கூடிய உடம்பில் மடை நின்றுபோகும். சிறுநீரகம் திடீரென்று செயலிழப்பதற்கு மருத்துவ உலகம் நன்றாக அறிந்த கூட்டணி இது. டெல்மிசார்ட்டன் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருந்தால் நீர் பிரிக்கும் மருந்து அதற்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். வீடு தேடி வரும் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒருவர், கடையில் வாங்கிய வலி மாத்திரையால்தான் இதில் மாட்டுவார். தருகிறவர் ஒருவர், விற்கிறவர் இன்னொருவர். இருவருக்கும் மற்றவர் மாத்திரை தெரியாது.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை எந்த அளவுக்குக் கெடுக்கும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளே சாட்சி. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி நாடெங்கும் மடிந்தன. 2006இல் இந்தியா அதை மாட்டு வைத்தியத்திலிருந்து தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போகிறது என்று 2015இல் ஊசிக் குப்பியின் அளவையும் 3 மில்லியாக்கினார்கள். மனித உடம்பு கழுகு உடம்பு இல்லைதான். ஆனாலும் இரண்டிலும் இடி விழுந்த உறுப்பு ஒன்றே.

போடும் முறை

தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். கடுமையாக வியர்க்கும் வேலையில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டும், ஒரே மூச்சில் இல்லாமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை. நீராகாரம் உப்புப் போட்டது என்றால் மிக நல்லது. இதய வீக்கமோ சிறுநீரகக் கோளாறோ இருந்து தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்னதைப் பின்பற்றட்டும். ஓஆர்எஸ் பொட்டலம் 20.5 கிராம் என்றால் அது ஒரு லிட்டருக்கு. அரை லிட்டர் பாட்டிலில் முழுதையும் கொட்டினால் உப்பு மிஞ்சும். கரையோர ஊர்களில் கவனிக்க வேண்டியது, கிணற்று உவர்த் தண்ணீரில் அதைக் கலக்கக் கூடாது. குடிநீரில் மட்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியில் சர்க்கரை ஆறு, உப்பு அரை.

படகில் எளிய அளவுகோல் சிறுநீர்தான். வைக்கோல் நிறத்தில் தாராளமாகப் போனால் உடம்பு வற்றவில்லை. கடுங்காப்பி நிறம், அல்லது ஆறு மணி நேரமாகப் போகவே இல்லை என்றால் வீக்க மாத்திரையைத் தொடக் கூடாது. ஒதுங்க இடமில்லை என்று வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு கடலில் இறங்குகிற பாசி எடுக்கும் பெண்களுக்கு இது முக்கியம். முங்கி முடித்துக் கரையேறி, குடித்து, ஒரு தடவை சிறுநீர் கழித்த பிறகே மாத்திரை.

முதல் மாத்திரை பாராசிட்டமால். 500 அல்லது 650, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தெரியும். சுளுக்கு, வீக்கம் என்று அது போதாதபோது மட்டும், பிரஷர், சிறுநீரகம், இதயம், அல்சர் எதுவும் இல்லாதவர், சாப்பிட்ட பிறகு வீக்க மாத்திரை ஒன்று போடலாம். மூன்று நாளைத் தாண்டக் கூடாது. இதய அடைப்பு வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் ஆகாது. அது மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 சாப்பிடுபவர் ஐபுபுரூஃபெனும் போட்டால் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பிறகு இந்தச் சாதியையே தவிர்க்க வேண்டும். நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழே 2011 முதல் தடை.

பேன்டோபிரசோல் சேர்த்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. அது வயிற்று அமிலத்தைக் குறைத்து இரைப்பையைக் காக்கும், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால். சிறுநீரகத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கடையில் பல மாத்திரைகளைச் சேர்த்து மடித்துத் தரும் பெயரில்லாத 'செட்' மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னதாக வெள்ளையாக ஒரு மாத்திரை சேர்த்தால் மந்திரம் போல் வலி பறக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டு, டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ. சர்க்கரையை ஏற்றும், புண் ஆறவிடாது, வீக்க மாத்திரையோடு சேர்ந்தால் இரைப்பை ரத்தக்கசிவை வரவழைக்கும். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். பிறகு சட்டென்று விடுவதும் ஆபத்து, மருத்துவர் மெல்லக் குறைக்க வேண்டும். கத்தரித்த துண்டு வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள ஓரத்தைக் கேட்டு வாங்குங்கள். அட்டையில் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து.

திருக்கை, கெளுத்தி முள் குத்திய வலிக்கு மாத்திரையைத் தேடும் முன் வெந்நீர். அந்த நஞ்சு புரதம், சூட்டில் கெடும். 40 முதல் 45 டிகிரி, குத்துப்படாத கை தாங்கும் சூடு, 30 முதல் 90 நிமிடம் முக்கி வைக்க வேண்டும். மரத்துப்போன காலால் சூடு பார்த்தால் வெந்துவிடும். முள் உள்ளே நின்றிருந்தாலும், நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலும் நேரே ஆஸ்பத்திரி. மற்றபடியும் கரைக்கு வந்ததும் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தங்குகடலும் சர்க்கரை மாத்திரையும்

பிரஷர் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு நாள் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லா மாத்திரையும் இதில் ஒன்றுபோல் இல்லை. அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு வேளை தவறினால் பெரிதாகத் தெரியாது. அட்டினோலால், மெட்டோபிரோலால், குளோனிடின் அப்படி இல்லை, திடீரென்று நிறுத்தினால் பிரஷர் துள்ளி எழும். தவறியதற்கு மறுநாள் இரண்டாகப் போடுவது எந்த மாத்திரைக்கும் கூடாது.

சர்க்கரையில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு இரண்டும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு வலை வாங்கும் அவசரத்தில் சோற்றைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கும்: கை நடுக்கம், குளிர் வியர்வை, பேச்சுக் குழறல். பார்ப்பவர்கள் "தண்ணி போட்டிருக்கான்" என்று விட்டுவிடுவார்கள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, குறையாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். தெளிந்ததும் சோறு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கரையில் கருப்பட்டி "சர்க்கரைக்காரருக்கு ஆகும்" என்பார்கள். அதுவும் சர்க்கரைதான், ஆகவே இந்த நேரத்தில் அதுவும் உதவும், மற்ற நேரத்தில் அதுவும் கெடுக்கும்.

மெட்ஃபார்மின் சர்க்கரையைத் தாழ இறக்காது. ஆனால் முழுக்கச் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வற்றினால் உள்ளே தேங்கி ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும். வீக்க மாத்திரையை அப்போதே நிறுத்திவிட வேண்டும். மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டன் வகை, நீர் பிரிக்கும் மாத்திரை இவற்றை அப்படிப்பட்ட நாளில் நிறுத்தி வைக்கலாமா, எப்போது திரும்பத் தொடங்குவது என்று நல்ல உடம்போடு இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதற்கு வசதியான நேரம். அப்போதே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

இன்சுலினைப் படகின் ஐஸ் பெட்டியில் போடக் கூடாது. உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் உதவாது. உடைக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில், வீட்டு ஃபிரிட்ஜில். உபயோகத்தில் உள்ளது வெயில் படாத இடத்தில் 28 நாள் வரை தாங்கும். கடலில் ஈரத்துணி சுற்றிய மண்கலயத்துக்குள், நீர் புகாத டப்பாவில் வைத்தால் போதும்.

தூக்கம், வெயில், உப்புக்காற்று

குமட்டலுக்கு அவோமின், சளிக்குக் குளோர்பெனிரமின், ஓரளவுக்குச் செட்டிரிசினும் தூங்கவைக்கும். விஞ்சு ஓடும்போதும் சுக்கான் பிடிக்கும்போதும் ஒரு நொடிக் கண்ணயர்வு கையை வாங்கிவிடும். மதுவோடு சேர்ந்தால் இரட்டிப்பு.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் வெயில் தோலைச் சுடும்; முழுக்கைச் சட்டை வேண்டும். அதை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். முழு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் நிமிர்ந்த உடம்பு.

நாட்டு மருந்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பக்கம் விளையும், பேதிக்கு எடுக்கும் நிலாவரை உடம்பில் வேலை செய்யும் விதமே அழகு: அது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா உடைத்த பிறகுதான் மருந்தாகிறது. அதனால்தான் இரவு போட்டால் காலையில் வேலை செய்கிறது. கடலுக்குப் போகும் முந்தின இரவு போட்டால் தண்ணீரும் பொட்டாசியமும் இழந்த உடம்போடு படகேறுவீர்கள். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். எதிர்ப்பக்கம், சிறுநீரகம் பலவீனமாக இருந்து டெல்மிசார்ட்டன் சாப்பிடுபவருக்கு இளநீரும், 'சோடியம் குறைந்த' உப்பும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைக்கலாம். கருவாடு பிரஷர் மாத்திரையோடு மல்லுக்கட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

மாத்திரையை அட்டையிலிருந்து உரித்துத் தாளில் மடித்து வைப்பது கடற்கரையில் கெட்ட பழக்கம். ஈரம் புகுந்துவிடும். ஆஸ்பிரினை முகர்ந்து பார்த்து வினிகர் வாடை அடித்தால் அது சிதைந்துவிட்டது. ஒட்டிக்கொண்ட கேப்சூல், புள்ளி விழுந்த மாத்திரை குப்பைக்கு. அட்டையோடு இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், தகரக்கூரைக்கும் எஞ்சினுக்கும் தள்ளி வையுங்கள்.

எப்போது கரை திரும்புவது

தார் போன்ற கறுப்பு மலம், காப்பித்தூள் நிற வாந்தி: இரைப்பையில் ரத்தம் கசிகிறது. வலி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வலியை மாத்திரையே மறைத்திருக்கும். அரை நாள் சிறுநீர் இல்லை, கணுக்கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது. கண் மஞ்சள். மாத்திரை போட்டதும் உதடு வீங்கி, தடிப்புக் கிளம்பி, மூச்சு இறுகுவது. தோல் கொப்பளித்து வாயும் கண்ணும் புண்ணாவது. இதில் எது வந்தாலும் இன்னொரு மாத்திரை போடாமல் திரும்ப வேண்டும். கடலில் இருந்தால் விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல், அல்லது கடலோரக் காவல்படையின் 1554. கரையில் 108. ஆம்புலன்ஸில் ஏறும்போது வெறும் அட்டைகள் உட்பட டப்பாவை அப்படியே கொண்டுபோய், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசியாகச் சிறுநீர் போனது எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் சொல்லுங்கள்.